.22 ரைபிளில் கை பழகுவது: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்களில் சிலர் ஏர் ரைபிளில் ஓரளவு கை தேர்ந்தவர்கள். சிலருக்குக் கல்லூரி என்.சி.சி.யில் ஐந்து ரவுண்டு சுட்ட ருசி இன்னும் விட்டபாடில்லை. இன்னும் சிலர் நேராக 300 மீட்டர் பெரிய துப்பாக்கிக் கனவோடு வருகிறார்கள். மூன்று வகையினரும் கடைசியில் கேட்பது ஒன்றைத்தான்: அதிகம் செலவில்லாமல் போட்டிக்குப் பழக .22, அதாவது சின்னத் தோட்டா ரைபிள், போதுமா? அதற்கும், அதை ஒட்டி வருகிற மற்ற கேள்விகளுக்கும் இங்கே பதில். சட்ட விவரங்கள் அவ்வப்போது மாறக்கூடியவை. மனு எழுதும் முன் கிளப் செயலாளரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

.22-ஐ ரிம்ஃபயர் என்கிறார்களே, அப்படி என்றால் என்ன?

தோட்டாவின் அடியில் விளிம்பு போல ஒரு மடிப்பு இருக்கும். தீப்பற்ற வைக்கும் மருந்து அந்த மடிப்புக்குள் பூசப்பட்டிருக்கும். ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கும்போது மருந்து பற்றி, உள்ளே இருக்கும் வெடிமருந்து எரிந்து, ஈயக்குண்டு கிளம்புகிறது. பெரிய ரகத் தோட்டாக்களில் இந்த மருந்து அடிப்பாகத்தின் நடுவே தனிக் கிண்ணத்தில் இருக்கும். அது சென்டர்ஃபயர். ரிம்ஃபயரின் பித்தளைக் கூடு மெல்லியது, செய்வது சுலபம், அதனால் விலை குறைவு. சுட்ட கூட்டில் மறுபடி மருந்து நிரப்ப முடியாது.

நாம் பேசுகிற .22 லாங் ரைபிள் தோட்டா 1887-இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. 40 கிரெயின் குண்டு, அதாவது 2.6 கிராம். என்.சி.சி.யில் 25 கெஜத்தில் படுத்துக்கொண்டு சுட்டது இதே தோட்டாதான்.

இதைப் பயிற்சித் துப்பாக்கி என்று சொல்ல ஆரம்பித்தது யார்?

ராணுவங்கள். பெரிய தோட்டா விலை அதிகம், அதற்குப் பெரிய மைதானமும் வேண்டும். அதனால் படைத் துப்பாக்கியின் அதே எடை, அதே கட்டை, அதே போல்ட் இருக்கும்படி .22-க்கு மாற்றிய ரைபிள்களைச் செய்து சிப்பாய்களைப் பழக்கினார்கள். லீ என்ஃபீல்டுக்கு அப்படி ஒரு .22 வடிவம் உண்டு. நம் என்.சி.சி. கொட்டடிகளிலும் அது பல தலைமுறை புழங்கியது. கையில் பிடிக்கும் பொருள் அதேதான், செலவாகும் தோட்டா மட்டும் சின்னது. இன்றைக்கும் இந்த யோசனையில் மாற்றம் எதுவும் இல்லை.

ஆனால் ".22 வெறும் பயிற்சிக்குத்தான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முழங்காலிட்டு, படுத்து, நின்று என மூன்று நிலைகளில் சுடும் 50 மீட்டர் த்ரீ பொசிஷன் ஒலிம்பிக் போட்டியே .22-இல்தான் நடக்கிறது. 2024 பாரிஸில் ரயில்வே டிக்கெட் பரிசோதகரான ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் வாங்கியது இதில்தான். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சிஃப்ட் கௌர் சம்ரா 469.6 எடுத்து உலக சாதனையோடு தங்கம் வென்றதும் இதில்தான்.

ஏர் ரைபிள் இன்னும் மலிவாச்சே. அதிலேயே பழகினால் போதாதா?

பாதி வேலைக்குப் போதும். இன்னும் சொன்னால், முதல் ஒரு வருடத்துக்கு .22 பக்கமே வரவேண்டாம் என்பதுதான் என் கட்சி. நிற்கும் விதம், மூச்சு, டிரிகரில் விரல் வைக்கும் இடம், சுட்ட பிறகும் அசையாமல் இருப்பது எல்லாம் 10 மீட்டரிலேயே வரும். அதில் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். அதைவிடக் கறாரான வாத்தியார் கிடையாது. நம் சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டனில் பதக்கம் வாங்கியது ஏர் ரைபிளில். அதே ஒலிம்பிக்கில் .22 போட்டிகளிலும் அவர் சுட்டார். இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றுதான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

ஏர் ரைபிள் கற்றுத் தராதவை மூன்று.

முதலாவது, காற்று. 10 மீட்டர் ரேஞ்ச் நான்கு சுவருக்குள், பெரும்பாலும் ஏசியில். 50 மீட்டர் திறந்தவெளி.

இரண்டாவது, உதைப்பு. .22-இன் உதைப்பு பட்டும் படாமலும்தான் இருக்கும். ஆனால் சத்தம் உண்டு, சின்ன எகிறல் உண்டு. ரைபிள் எகிறிய பிறகு தானாகவே டார்கெட்டுக்குத் திரும்பி வருகிறதா, பக்கத்து டார்கெட்டைப் பார்க்கிறதா என்பதில்தான் உடம்பை வைத்த லட்சணம் தெரியும். ஏர் ரைபிள் இந்தக் குறையை மூடி மறைத்துவிடும்.

மூன்றாவது, படுத்தும் முழங்காலிட்டும் சுடுவது. ஸ்லிங் வாரைக் கையில் இறுக்கிக்கொண்டு எலும்பின் மேல் துப்பாக்கியைத் தாங்க வைக்கும் வித்தை 10 மீட்டர் போட்டியில் இல்லவே இல்லை.

எண்ணிக்கையில் பார்த்தால் இன்னும் தெளிவாக இருக்கும். போட்டி ஏர் ரைபிளின் பெல்லட் ஏறத்தாழ 7.5 ஜூல் சக்தியோடு போகிறது. .22 சுமார் 140 ஜூல். 300 மீட்டரில் சுடும் பெரிய ரகத் தோட்டாவான .308 மூவாயிரத்தைத் தாண்டும். .22 நடுப்படி.

பெரிய ரகப் போட்டிக்குப் போகிறவருக்கு .22 உண்மையிலேயே உதவுமா, இல்லை மனசைத் தேற்றிக்கொள்ளும் பேச்சா?

உதவும், முக்கியமாகக் காற்றில். .22 குண்டு மெதுவானது, காற்றைக் கிழித்துப் போகும் உருவமும் அதற்குக் கிடையாது. அதனால் ஒரே குறுக்குக் காற்றில் .308 குண்டு 300 மீட்டரில் எந்தக் கோணத்துக்கு விலகுமோ, அதைவிட அதிகக் கோணத்துக்கு .22 குண்டு 100 மீட்டரிலேயே விலகிவிடும். கீழே இறங்குவதும் அப்படித்தான்: 50 மீட்டருக்கு ஜீரோ செய்த, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சைட்டைச் சரிசெய்த ரைபிளை அப்படியே 100 மீட்டரில் சுட்டால் குண்டு ஏறத்தாழ ஒரு சாண் தாழ்ந்து விழும். குறி பார்க்கும் சைட்டின் திருகைக் கிளிக் கிளிக்காக எண்ணித் திருப்பிப் பழக இதுவே போதும்.

உதவாத இடமும் உண்டு. பெரிய துப்பாக்கியின் உதைப்பைத் தாங்கும் பழக்கம் இதில் வராது. .22-இலேயே கிடந்தவர் முதல் முறை .308 எடுத்தால் மூன்றாவது ரவுண்டிலிருந்து கண்ணை மூட ஆரம்பித்துவிடுவார். இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 300 மீட்டர் ஸ்டாண்டர்டு ரைபிள் போட்டியில் டிரிகர் குறைந்தது 1500 கிராம் இழுவை இருந்தாக வேண்டும். த்ரீ பொசிஷன் .22-க்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, தொட்டால் விழுகிற மாதிரி வைத்திருப்பார்கள். அந்த டிரிகரில் வருடக்கணக்காகப் பழகிவிட்டு 1500 கிராமுக்குப் போனால் விரல் முழிக்கும். பயிற்சிக்கு என்று .22 வைத்துக்கொள்கிறவர் டிரிகர் இழுவை, கட்டையின் நீளம், கன்னம் படும் உயரம், சைட் வகை இந்த நான்கையும் பெரிய துப்பாக்கிக்குச் சமமாக வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அது வேறொரு விளையாட்டுக்கான பயிற்சி.

சென்னையில் எங்கே சுடலாம்?

சென்னை ரைபிள் கிளப்தான் எல்லோரும் முதலில் போகும் இடம். எழும்பூர் பழைய கமிஷனர் அலுவலக வளாகம். ஆட்டோவில் ஏறும்போது "பழைய" என்று அழுத்திச் சொல்லுங்கள். 2021-இல் நடிகர் அஜித்தையே டாக்ஸி டிரைவர் வேப்பேரியில் இருக்கும் புதிய கமிஷனர் அலுவலகத்தில் கொண்டுபோய் இறக்கிய செய்தி வந்தது. 10 மீட்டருக்கு ஊரில் தனியார் அகாடமிகள் நிறைய வந்துவிட்டன. 50 மீட்டர் லேன், அதாவது ஒருவர் சுடுவதற்கான தடம், அதுதான் தட்டுப்பாடு. எந்த அகாடமியில் சேர்ந்தாலும் "50 மீட்டருக்கு எங்கே கூட்டிப்போவீர்கள், வாரத்தில் எத்தனை நாள், லேன் யாருக்கு முதலில்?" என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இந்தக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அங்கே .22 பயிற்சி நடப்பது சந்தேகம்.

மொட்டை மாடியிலோ பண்ணை வீட்டிலோ சுடுவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கூடாது. இந்தச் சின்னக் குண்டு ஒன்றரை கிலோமீட்டர் வரை போகும்.

லைசென்ஸ் இல்லாமல் பழக முடியுமா?

முடியும், பெரும்பாலோர் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். கிளப்புக்குச் சொந்தமான ரைபிளை, கிளப் ரேஞ்சில், கோச் கண் முன்னால் உறுப்பினர் சுடலாம். அதை வெளியே எடுத்துப் போக முடியாது, அவ்வளவுதான்.

சொந்தமாக .22 வேண்டுமென்றால் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கட்டாயம். சென்னைக்குள் இருப்பவர்கள் கமிஷனர் அலுவலகத்துக்கு மனு போட வேண்டும். 2022-இல் ஆவடியும் தாம்பரமும் தனிக் கமிஷனரகங்கள் ஆகிவிட்டதால் உங்கள் வீடு எந்த எல்லைக்குள் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டி மாவட்டங்களில் கலெக்டர். போலீஸ் விசாரணை வீட்டுக்கே வரும். துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்றிதழும் கேட்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருடத்துக்குச் செல்லும். சாதாரண ஆள் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம். போட்டியாளர்களுக்குத் தகுதியைப் பொறுத்து விலக்கு உண்டு. வேலை நகரும் வேகத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. மனு போட்டுவிட்டுக் கிளப் ரைபிளில் சுட்டுக்கொண்டே இருங்கள்.

ஏர் ரைபிளுக்கு, 4.5 மி.மீ.யும் 20 ஜூலும் தாண்டாதவரை, லைசென்ஸ் வேண்டாம். அடையாள அட்டை காட்டி வாங்கிக்கொள்ளலாம்.

எந்த ரைபிள் வாங்கலாம்?

இப்போதைக்கு எதுவும் வேண்டாம். லேன் கட்டணத்துக்கும் தோட்டாவுக்கும் முதலில் காசு ஒதுக்குங்கள். இதில் எனக்கும் கிளப்பில் சிலருக்கும் நெடுநாள் வாக்குவாதம் உண்டு. "நல்ல சாமான் இருந்தால்தான் நல்லா வரும்" என்பார்கள். கிளப்பின் பழைய ஆன்ஷூட்ஸ் ரைபிளில் பத்துக்குள் குரூப் வைக்க, அதாவது குண்டுகளை ஒரே இடத்தில் நெருக்கமாக விழ வைக்க, தெரியாதவருக்குப் புது வால்தர் ரைபிளிலும் வராது. கிளப் ரைபிளின் கட்டை உங்கள் கை நீளத்துக்கு ஒத்துவரவில்லை என்று கோச் சொல்லும் நாள் வரும். அன்றைக்கு வாங்க யோசிக்கலாம்.

அந்த நிலை வந்துவிட்டவர்களுக்கு: த்ரீ பொசிஷனுக்கு ஆன்ஷூட்ஸ், வால்தர், ஃபைன்வெர்க்பௌ ஆகியவைதான் லேன்களில் அதிகம் தென்படும். ரைபிள் 8 கிலோவுக்கு மிகக்கூடாது. டெலஸ்கோப்பும் கிடையாது, பின்னால் துளையும் முன்னால் வளையமும் உள்ள பீப் சைட்தான். நம் நாட்டில் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை செய்யும் .22 ஸ்போர்ட்டிங் ரைபிள் விலை குறைவு, கை பழகவும் ஆகும். ஆனால் கட்டையைக் கூட்டிக் குறைக்கும் வசதி அதில் இல்லாததால் போட்டிக்கு நீண்ட நாள் தாங்காது. பழைய மேட்ச் ரைபிளை, அதாவது போட்டி ரைபிளை, இன்னொரு உறுப்பினரிடமிருந்து முறைப்படி லைசென்ஸில் மாற்றி வாங்குவது நல்ல வழி. பராமரித்த .22 பேரல் பல ஆயிரம் ரவுண்டுக்கு அசையாது. ஈயக்குண்டு, குறைந்த சூடு, தேய்மானம் அவ்வளவாக இல்லை.

தோட்டாவில் அவ்வளவு வித்தியாசமா? எல்லாம் .22 தானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன், ஏனென்றால் பணம் கரைவது இங்கேதான். த்ரீ பொசிஷன் போட்டியில் எண்ணப்படுவது 60 ரவுண்டு. அதற்கு முன் சைட்டர் என்று சுட்டுப் பார்ப்பவற்றையும் சேர்த்தால் எண்பதைத் தொடும். ஒரு போட்டிக்கு இது. பயிற்சியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ரிம்ஃபயரில் நாமே மருந்து அளந்து தோட்டா தயாரிக்க வழியில்லை. தொழிற்சாலை தருவதுதான். விளிம்புக்குள் மருந்து பரவியிருப்பதிலோ மெழுகுப் பூச்சிலோ சின்ன மாற்றம் இருந்தாலும் வேகம் மாறும். அதனால்தான் எலே டெனெக்ஸ், லாபுவா சென்டர் எக்ஸ், ஆர்.டபிள்யூ.எஸ். ஆர் 50 போன்றவை விலை எகிறுகின்றன. அங்கே காசு போவது ஒன்றுக்கொன்று மாறாத தன்மைக்கு. பெட்டியின் மேல் லாட் எண், அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்ற எண், அச்சிட்டிருக்கும். ஒரே பெயர், ஒரே விலை, ஆனால் ஒரு லாட் உங்கள் பேரலில் ஒரு ரூபாய்க் காசுக்குள் பத்தும் விழும், அடுத்த லாட் சிதறும். பக்கத்து லேன்காரருக்கு அது தலைகீழாக இருக்கும். இதற்காகவே எலேவும் லாபுவாவும் ஐரோப்பாவில் சோதனை மையங்கள் நடத்துகின்றன, ரைபிளைக் கொண்டுபோனால் லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்துத் தருவார்கள். நமக்கு அது எட்டாது. இங்கே நடப்பது: கிளப்புக்குச் சரக்கு வந்ததும் இரண்டு மூன்று லாட்டில் ஒரு பெட்டி வீதம் எடுத்து, ரைபிளை மேசையில் தாங்கல் வைத்து, லாட்டுக்கு நான்கு ஐந்து குரூப் சுட்டுப் பார்ப்பது. ஒரே ஒரு குரூப்பை வைத்து முடிவெடுக்காதீர்கள், அதிர்ஷ்டத்துக்கும் அதில் பங்கு இருக்கும். பிடித்த லாட் கிடைத்தால், லைசென்ஸில் அனுமதித்த அளவுக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு வாங்கி வைத்துவிடுங்கள்.

பயிற்சிக்கு அந்த விலை வேண்டியதில்லை. ஒரு படி கீழே இருக்கும் எஸ்.கே. ஸ்டாண்டர்டு பிளஸ், எலே கிளப் போன்றவை படுத்த நிலைக்கே தாராளம். நின்று சுடும்போது கை நடுக்கத்தில் போகும் புள்ளிக்குத் தோட்டாவைக் குறை சொல்வது நியாயமில்லை. எனவே நின்ற நிலைக்கு மலிவானது, படுத்த நிலைக்கு நடுத்தரம், போட்டிக்கு மட்டும் உயர்ந்தது என்று பிரித்துக்கொண்டால் வருடச் செலவு நன்றாகவே குறையும். ஆனால் ரகம் மாற்றும் நாளில் முதல் பத்து பதினைந்து ரவுண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனியின் மெழுகும் வேறு, பேரலுக்குள் புது மெழுகு படிந்து பழக நேரம் பிடிக்கும்.

"ஹை வெலாசிட்டி" என்று பெட்டியில் போட்டிருந்தால் துல்லியப் பயிற்சிக்கு வாங்காதீர்கள். 30 டிகிரி சென்னைக் காற்றில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் வேகத்தில் போகிறது. மேட்ச் தோட்டாக்கள் 320, 330-இல் கிளம்புவதால் கடைசிவரை அதற்குக் கீழேயே நிம்மதியாகப் போகும். வேகத் தோட்டா ஒலியைத் தாண்டிக் கிளம்பி, வழியில் அந்தக் கோட்டைக் கடந்து கீழிறங்கும்போது தடுமாறும். கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் குறுக்குக் காற்றில் அதிகம் விலகுவதும் வேகத் தோட்டாதான்.

கையில் 50 ரவுண்டுதான் இருக்கிறது. எப்படிப் பிரித்துச் சுடுவது?

முதல் ஐந்து பேரலைச் சூடேற்றவும் சைட் சரிபார்க்கவும். அடுத்த இருபது படுத்த நிலையில், ஒவ்வொன்றுக்கும் "கால்" சொல்லிக்கொண்டு. அதாவது டிரிகர் விழுந்த கணத்தில் முன் வளையம் எங்கே இருந்தது என்பதை வைத்து, குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் மானிட்டரைப் பார்க்கும் முன்பே "ஒன்பது, மூன்று மணித் திசை" என்று வாய்விட்டுச் சொல்வது. பிறகு பார்ப்பது. சொன்ன இடத்தில் விழுந்திருந்தால் ஒன்பதும் நல்ல ஷாட்தான். "பத்து" என்று சொல்லி எட்டு விழுந்திருந்தால் உடம்பிலோ காற்றிலோ கவனிக்காத ஏதோ இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மானிட்டர் முகத்துக்கு நேரே இருப்பதால் சுட்டவுடன் கண் அங்கே ஓடும். ஒரு கைக்குட்டையை அதன்மேல் போட்டுவிட்டுச் சுடுவதுதான் மருந்து. அழகாக இருக்காது, வேலை செய்யும்.

அடுத்த பத்துக்கு ஒரு துணை வேண்டும். அவர் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் உண்மைத் தோட்டாவையும் டம்மியையும் மாற்றி மாற்றிப் போடுவார். டம்மி வரும்போது "டிக்" என்ற சத்தம் மட்டும்தான் வரும். அந்த நொடியில் முன் வளையம் அப்படியே உட்கார்ந்திருந்தால் சரி. துப்பாக்கி மூக்கைக் கீழே குத்தினாலோ தோள் முன்னால் போனாலோ, வெடிக்கப் போகிறது என்று உடம்பு முன்கூட்டியே பதறுகிறது என்று பொருள். ஏர் ரைபிளில் பல வருடம் சுட்டவர்களிடமும் இது வெளிப்படும்.

மிச்சம் பதினைந்து நின்ற நிலைக்கு, நேரம் வைத்துக்கொண்டு. போட்டியில் 60 ரவுண்டுக்கும் சேர்த்து 90 நிமிடம், அதற்குள் நிலை மாறுவதும் அடக்கம். துப்பாக்கியை எட்டு, பத்து விநாடிக்கு மேல் பிடித்துக்கொண்டே இருப்பவர்கள் இறக்கி வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். சுடாமல் இறக்கிய தடவையையும் நோட்டில் ஒரு கோடு போடுங்கள்.

.22 குண்டு மெதுவாகப் போவதால் டிரிகர் விழுந்த பிறகும் பேரலுக்குள் கொஞ்ச நேரம் தங்குகிறது. அதற்குள் தலையைத் தூக்கினால் ஷாட் கெட்டுவிடும். பெரிய துப்பாக்கி இந்தத் தவறை ஓரளவு மன்னிக்கும், இது மன்னிக்காது.

காற்றை எப்படிப் படிப்பது? நம்ம ஊர்ல ரொம்ப மாறுதே.

மாறத்தான் செய்யும். வெயில் காலத்தில் காலையில் மேற்கிலிருந்து சோம்பலாக அடிக்கும் காற்று, நண்பகலை ஒட்டிக் கடல்காற்று உள்ளே வந்ததும் கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வீசத் தொடங்கும். ஒன்பது மணிக்கு வைத்த ஜீரோ ஒரு மணிக்குப் பொய் சொல்லும். கடல்காற்று தாமதமாகும் நாளில் தரையிலிருந்து கிளம்பும் அனல் டார்கெட்டையே தண்ணீருக்குள் பார்ப்பதுபோல ஆட்டிக் காட்டும்.

கணக்கு இது: மணிக்கு 15 கி.மீ. குறுக்குக் காற்று 50 மீட்டரில் குண்டை இரண்டு செ.மீ.க்கு மேல் தள்ளும். பத்தாம் வளையத்தின் மொத்த விட்டமே 10.4 மி.மீ. ஆக, நடுவில் வைத்துச் சுட்ட நல்ல ஷாட் எட்டில் போய் விழும்.

ரேஞ்சில் காற்றைக் காட்ட வைத்திருக்கும் ஒவ்வொரு கொடியின் அசைவுக்கும் கிளிக் திருப்பிக்கொண்டிருந்தால் கணக்குத் தப்பிவிடும். அன்றைக்கு அடிக்கடி திரும்பி வருகிற ஒரு காற்று நிலையைத் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக, கொடி பாதி தூக்கி இடது பக்கம் பார்ப்பது. அதற்கு ஜீரோ செய்துகொண்டு, அந்த நிலை வரும்போது மட்டும் சுடுங்கள். மற்ற நேரம் காத்திருங்கள். டார்கெட் பக்கத்துக் கொடியைவிட உங்களுக்குக் கிட்டே இருக்கும் கொடிக்கு அதிக மரியாதை கொடுங்கள். கிளம்பும்போதே திசை மாறிய குண்டு போகப் போக இன்னும் விலகும்.

வீட்டில் டிரை ஃபயர், அதாவது தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்துப் பழகுவது, செய்யலாமா?

.22-இல் தோட்டா உட்காரும் சேம்பர் வெறுமையாக இருக்கும்போது செய்யாதீர்கள். ஃபயரிங் பின் விளிம்பை அடிக்கும்படி அமைந்தது, தோட்டா இல்லாவிட்டால் பல ரைபிள்களில் நேரே சேம்பர் ஓரத்தைக் கொத்தும். அங்கே ஒரு தழும்பு விழுந்தால் தோட்டா சிக்கும். ஸ்னாப் கேப் என்ற டம்மித் தோட்டாவைப் போடுங்கள், அல்லது அந்த மாடலின் கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். மேட்ச் ஏர் ரைபிளில் டிரை ஃபயருக்கென்றே ஏற்பாடு இருக்கும், வீட்டுக்கு அதுதான் தோது. சுவரில் சின்னக் கறுப்பு வட்டம் ஒட்டி தினமும் அரை மணி நேரம். காசு செலவே இல்லாத பயிற்சி இது ஒன்றுதான், இதைச் செய்யாதவர்கள்தான் தோட்டா விலையைப் பற்றி அதிகம் புலம்புகிறார்கள்.

டிரிகர் இழுத்தும் வெடிக்கவில்லை. என்ன செய்வது?

துப்பாக்கி டார்கெட்டைப் பார்த்தபடியே இருக்கட்டும். அரை நிமிடம் காத்திருங்கள், தாமதமாக வெடிப்பது அபூர்வம்தான், ஆனால் உண்டு. பிறகு ரேஞ்ச் ஆபீசருக்குக் கை காட்டி, போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுத்து, அதற்கான டப்பாவில் போடுங்கள். சத்தம் வழக்கத்தைவிட மொக்கையாக வந்து டார்கெட்டில் ஓட்டையும் இல்லையென்றால் அடுத்த ரவுண்டு போடவே கூடாது. குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம்.

இந்த உப்புக்காற்றில் ரைபிளை எப்படிக் காப்பாற்றுவது?

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்களுக்குத்தான் இது பெரிய தலைவலி. ரேஞ்சிலிருந்து வந்ததும் வியர்வைக் கை பட்ட இடங்களை, முக்கியமாக போல்ட் பிடியையும் பேரலின் வெளிப்பக்கத்தையும், எண்ணெய்த் துணியால் துடையுங்கள். ஸ்பான்ஜ் வைத்த பெட்டியில் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். ஸ்பான்ஜ் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஐப்பசி கார்த்திகை மழையில் திறந்து பார்த்தால் துரு படிந்திருக்கும். இரும்பு அலமாரி, சிலிக்கா ஜெல் பை, மாதம் ஒருமுறை அந்தப் பையைச் சூடுபண்ணி உலர்த்துவது. போதும்.

பேரலின் உட்புறத்தை ஓயாமல் தேய்க்க வேண்டியதில்லை. .22-க்கு அதிகமாகச் சுத்தம் செய்வதும் கெடுதல். சேம்பரை ஒட்டி வளையம் போலக் கறுப்பாகப் படியும் கரியைத்தான் கவனிக்க வேண்டும். சுத்தம் செய்யும் கம்பியை எப்போதும் பின்பக்கத்திலிருந்து விடுங்கள்.

என் பெண்ணுக்கு 13 வயது. நேராக .22-இல் சேர்க்கலாமா?

ஏர் ரைபிளில் சேருங்கள். எட்டு கிலோ ரைபிளைச் சுமக்க முதுகு தயாராக வேண்டும், அவசரம் ஒன்றும் இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கங்களை வாங்கியதே 10 மீட்டரில்தான். சொந்த லைசென்ஸுக்குப் பொதுவான வயது 21. அதற்குக் கீழே இளம் வீரர்களுக்குப் பயிற்சி விதிகள் தனி, கிளப் வழியாகத்தான் போக வேண்டும். மாவட்டம், மாநிலம், தென் மண்டலம், மாவ்லங்கர் போட்டி, அப்புறம் தேசியப் போட்டி என்று படி ஏறும்போது எந்த வயதுப் பிரிவு, என்ன தகுதிப் புள்ளி என்பதைக் கோச் பார்த்துக்கொள்வார்.

வயது 48, மூக்குக் கண்ணாடி. இனிமேல் முடியுமா?

தாராளமாக. பீப் சைட்டின் துளை வழியாகப் பார்க்கும்போது கண் தானாகவே ஓரளவு கூர்மையாகும். பைஃபோகல் மட்டும் வேண்டாம். முன் சைட் தெளிவாகத் தெரிவதுபோல ஒற்றைப் பவரில் தனிக் கண்ணாடி போடச் சொல்லுங்கள், கண் மருத்துவரிடம் அந்தத் தூரத்தை டேப்பால் அளந்து சொன்னால் வேலை சுலபம். கான்வாஸ் ஜாக்கெட்டுக்குள் வியர்த்துக் கண்ணாடியில் ஆவி படிவதுதான் நம்ம ஊரில் உண்மையான தொல்லை. உள்ளே பருத்திப் பனியன், நெற்றியில் பட்டை, சித்திரை வைகாசியில் காலை ஏழு மணி லேன்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்களே, பயிற்சி என்ன ஆவது?

நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும் லைசென்ஸ்தாரர்களிடம் ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். போட்டிகளில் பங்கேற்கும் சங்க உறுப்பினர்களுக்கு விலக்கு கேட்க வழி இருக்கிறது. அறிவிப்பு வந்த பிறகு ஓடாமல், முன்கூட்டியே சங்கத்திடம் கடிதம் வாங்கி, வரப்போகும் போட்டி அட்டவணையையும் சேர்த்து மனு கொடுங்கள். விலக்கு கிடைக்காவிட்டால் ஸ்டேஷனில் கொடுக்கும்போது வரிசை எண், சைட், மற்ற உதிரிகள் எல்லாம் எழுதிய ரசீது வாங்குங்கள். பின் சைட்டைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. எண்ணெய் தடவி, உறை போட்டு, பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பை கூடுதலாகப் போட்டுக் கொடுங்கள். ஓட்டு எண்ணி முடியும்வரை ஏர் ரைபிள்தான்.